முந்திக்கொண்ட பத்திரம்

தொலேதோவின் ஜூலை வெயிலில் பல்லிகூட நிழல் பார்த்துத்தான் நடக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில், பள்ளத்தில் ஓடும் ஆற்றிலிருந்து எங்கள் பேட்டைக்குத் தண்ணீர் ஏற்றும் இறைவைச் சக்கரம் நின்றுபோனது.

பழுது ஒன்றுமில்லை. கட்டிப்போட்டிருந்தார்கள். கை பருமனுக்கு ஒரு கயிறு, முடிச்சில் அரக்கு முத்திரை, பக்கத்தில் ஈட்டியோடு இரண்டு சிப்பாய்கள். தோல் பதனிடுகிறவர்கள், சாயம் போடுகிறவர்கள், குயவர்கள் என்று முந்நூறு குடும்பத்து ஜனங்கள் ஆற்றங்கரையில் காலிக் குடங்களோடு நின்றோம். முஸ்லிம்கள், யூதர்கள், என்னைப் போல அரபு பேசும் கிறிஸ்தவர்கள். எங்களுக்குள் சண்டை போட ஆயிரம் காரணம் உண்டு. அன்று ஒரே காரணத்துக்காகச் சேர்ந்து நின்றோம்.

"பிரபு அன்சூர் உத்தரவு" என்றான் சிப்பாய். "சக்கரம் அவரோடது. அவங்க தாத்தா காலத்துப் பத்திரம் இருக்கு. இன்னைக்கு மத்தியானம் கோயில் மணி அடிச்சதும் நீதிபதி தீர்ப்பு சொல்லுவார். நாளைக்கு இதை இடிச்சிட்டு மாவு ஆலை கட்டப் போறாங்க."

"மாவு அரைச்சு?" என்று கேட்டேன். "தண்ணி இல்லாத ஊர்ல அதை எதை ஊத்திப் பிசைவாராம்? எச்சிலையா?"

சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் தோதா. இந்தப் பேட்டையில் முப்பது வருடமாகப் பெண்கள் குளியல் கூடம் நடத்துகிறேன். சக்கரம் சுற்றினால்தான் என் தொட்டி நிறையும். மிச்ச நேரத்தில் முதரிஃப் ஐயாவுக்குத் துணையாகத் துப்பறிகிறேன். துணை என்றால், அவர் யோசிப்பார், நான் பேசுவேன்.

முதரிஃப் ஐயா பழைய சுல்தான் காலத்தில் சந்தை மேற்பார்வையாளர். எடைக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே, கடைக்காரன் எத்தனை நாளாகத் திருடுகிறான் என்று சொல்லிவிடுவார். போன வருடம் வடக்கிலிருந்து காஸ்தீலியக் கிறிஸ்தவ ராஜா ஊரைப் பிடித்து உள்ளே வந்தார். கொடி மாறியது, முதரிஃப் ஐயாவுக்கு வேலை போனது. திருடர்கள் மட்டும் மாறவில்லை. அதனால் ஊர் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருந்தது.

அன்றும் தட்டினோம். அத்திப்பழம் தின்றுகொண்டே வந்தார். ஒல்லியான மனிதர், அங்கி தனியாக நடந்து வருவது போலத் தெரியும்.

"பத்திரத்தை யார் பார்த்தது?" என்று கேட்டார்.

"யாரும் பார்க்கல. எல்லாரும் பயந்தாச்சு, அது போதாதா?"

"போதாது. வா, பார்த்துட்டு வந்து பயப்படுவோம்."

*

நீதிபதியின் அலுவலகத்தில் எழுத்தர் ஹஸ்தாய் இருந்தார். யூதர். அரபு, லத்தீன், எபிரேயம் மூன்றும் அவர் விரல் நுனியில். ஊரில் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களில் முதல் ஆள். அவரிடம் உள்ள குறை, பேச்சில் சிடுசிடுப்பு, சாப்பாட்டில் அவசரம். பூனை வருவதற்குள் தட்டைக் காலி செய்வார்.

"எதிர்த்தரப்பு பத்திரத்தைப் பார்க்கலாம்னு சட்டம் இருக்கு" என்றார் நிமிராமலே. "நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான் நேரம்."

"அப்போ பார்த்தாச்சு, வாங்க போகலாம்" என்றேன் முதரிஃப் ஐயாவிடம்.

ஹஸ்தாய் சிரிக்கவில்லை. ஒரு தோல் உறையிலிருந்து பழுப்பேறிய தாளை எடுத்து வைத்துவிட்டுத் தன் ரொட்டி மூட்டையை அவிழ்த்தார்.

"தம்பி மேயிர் எங்க?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டு, ஆலிவ் காய்க்கு அடிச்சுக்குவீங்களே?"

"பிரபு அன்சூரோட கோட்டையில இருக்கான். அவர் மகனுக்குப் பாடம் சொல்லித் தரப் போனான். ஏழு வாரமாச்சு." சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "தேதிகிட்ட மை மங்கியிருக்கு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படிங்க. தப்பாப் படிச்சிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்றார்.

முதரிஃப் ஐயா ஜன்னல் பக்கம் போனார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அழகான எழுத்து. கலீஃபா அல்-மஹ்தியின் ஆட்சியில், ஹிஜ்ரி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஜுமாதா இரண்டாம் மாதம் பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை, தொலேதோ கோட்டையில், ஏழு சாட்சிகளுக்கு முன்னால், நகர ஆளுநர் இந்தச் சக்கரத்தை அன்சூரின் தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுக்கிறார். கீழே முத்திரை. ஏழு கையெழுத்துகள். எழுபத்தேழு வருடத்துக்கு முந்தைய சங்கதி. சாட்சிகள் ஏழு பேர் சமாதியிலும் புல் முளைத்திருக்கும்.

முதரிஃப் ஐயா இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தால் ஹஸ்தாய் இன்னும் முதல் ஆலிவ் காயை மென்றுகொண்டிருந்தார்.

*

தெருவுக்கு வந்ததும் அவரை மடக்கினேன். "என்ன சிரிப்பு? சொல்லிட்டுச் சிரிங்க. நானும் குடத்தோடதான் நிக்கறேன்."

"தோதா, எங்க தாத்தா எந்த ஊரு?"

"கொர்தோபா. அரண்மனைக்குச் சேணம் தைச்சவரு. ஆயிரம் தடவை சொல்லிட்டீங்க."

"ஏன் அங்கிருந்து ஓடி வந்தாரு?"

"கலவரம். ராஜாங்கம் கவுந்துபோச்சு."

"அதேதான். அட்லாண்டிக் கடல்ல இருந்து இந்த மலை வரைக்கும் ஒரே கலீஃபா, ஒரே பேரரசு. ஒரு புதன்கிழமை கொர்தோபாவுல கும்பல் அரண்மனைக்குள்ள பூந்து பழைய கலீஃபாவை இறக்கிட்டு, அல்-மஹ்தியை ஏத்திடுச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச சரிவு. இருபது வருஷத்துல பேரரசு உடைஞ்சு, ஊருக்கு ஒரு குட்டி ராஜா. கடைசியில குட்டி ராஜாவும் போய், காஸ்தீலியாக்காரர் வந்துட்டார். எங்க வீட்ல அந்த நாளுக்குப் பேரே 'அந்தப் புதன்'. தேதி எனக்கு மனப்பாடம். ஜுமாதா இரண்டாம் மாசம், பதினேழு."

நான் விரலை மடக்கினேன். பத்திரம் பதினெட்டு. வியாழன்.

"அட!" என்றேன். "கலீஃபா பதவிக்கு வந்து ஒரு நாள்தான் ஆச்சா?"

"கொர்தோபாவுல. இங்கிருந்து கொர்தோபாவுக்கு எத்தனை நாள்?"

"நல்ல கழுதையா இருந்தா ஒன்பது நாள். என் செத்துப்போன புருஷன் மாதிரி கழுதைன்னா ஒரு மாசம்."

"அது பிப்ரவரி மாசம். மலை முழுக்கப் பனி. புதன்கிழமை அங்க பதவி ஏத்தவர் பேரை, வியாழக்கிழமை இங்க உட்கார்ந்து எழுதியிருக்காங்க."

நடுத்தெருவில் நின்று கை தட்டினேன். "போலி! பொய் சொல்றவன் உண்மையை ரொம்பச் சீக்கிரமாச் சொல்லிட்டான்!"

"ஆனா 'எங்க தாத்தா சொன்னாரு'ன்னு சொன்னா நீதிபதி கேட்பாரா? சேதி இங்க எப்போ வந்துதுன்னு யாராவது எழுதி வச்சிருக்கணும். சுல்தானோட காகிதமெல்லாம் போன வருஷமே கலைஞ்சு போச்சு."

நான் யோசித்தேன். பிறகு என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன். "உங்க ஆளுங்க காகிதம் போனா என்ன? எங்க மாதா கோயில் இருக்கே! எங்க சாமிமாருங்க ஓயாத வம்புக்காரங்க. ஜெபப் புத்தகத்து ஓரத்துல மழை பெஞ்சது, மாடு செத்தது எல்லாத்தையும் எழுதி வைப்பாங்க. பள்ளிவாசல் சேதியை விட்டுடுவாங்களா?"

முதரிஃப் ஐயா என்னை மரியாதையோடு பார்த்தார். வருடத்துக்கு ஒரு தடவை அப்படிப் பார்ப்பார்.

போகும் வழியில் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார். "பிரபு அன்சூர் வீட்டு அம்மா உன் குளியல் கூடத்துக்கு வருவாளா?"

"ஊருக்கு வந்தா வருவா. ஏன்?"

"மகனுக்கு என்ன வயசு?"

"எட்டு மாசம். இன்னும் பல்லே முளைக்கல. ஏன்?"

"சும்மாதான்" என்றார்.

*

சிப்ரியான் சாமிக்கு எழுபது வயது. எங்கள் சின்னக் கோயிலின் குளிர்ந்த அறையில் அந்தப் புத்தகத்தை மாவு மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். வடக்கிலிருந்து வந்த புதுச் சாமிமார்களுக்கு எங்கள் பழைய ஜெப முறையே பிடிக்காது. கண்ணில் பட்டால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

"ஏரா ஆயிரத்து நாற்பத்தேழா?" என்று பக்கங்களைப் புரட்டினார். ஏரா என்பது எங்கள் பழைய ஆண்டுக் கணக்கு; பத்திரத்தின் ஹிஜ்ரி ஆண்டு அதில் இந்த எண்ணில் வரும். "விசித்திரம்தான். எழுபது வருஷமா இதை யாரும் தொடல. இந்தக் கோடையில நீங்க ரெண்டாவது ஆளு."

"முதல் ஆளு யாரு?" என்று நான் பாய்ந்தேன்.

"அது இப்போ வேண்டாம் தோதா. நேரமில்லை" என்று முதரிஃப் ஐயா குறுக்கே விழுந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. துப்பு வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, இவர் கதவைச் சாத்துகிறார்.

சாமி ஒரு பக்கத்தில் விரலை வைத்து, எங்களுக்காக அரபில் மாற்றிப் படித்தார். "பிப்ரவரி இருபத்தைந்து, வெள்ளி. இன்று பெரிய பள்ளிவாசலில் ஜும்மா பிரசங்கத்தில் புது ராஜா அல்-மஹ்தியின் பெயரை ஓதினார்கள். போன வெள்ளி வரை பழைய பெயர்தான். ஊரெல்லாம் திகைப்பு. என் ஆட்டைக் காணவில்லை."

முதரிஃப் ஐயா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். தாத்தாவை நினைத்திருப்பார். "அந்தப் புதன் பிப்ரவரி பதினாறு. இருபத்தைந்துன்னா ஒன்பதாம் நாள். கழுதைக் கணக்கு சரியா இருக்கு" என்றார். "சாமி, இந்தப் புத்தகத்தோட நீதிபதிகிட்ட வரணும்."

சாமி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என்னால முடியாது. இது வெளிய போனா திரும்பி வராது. உங்க பள்ளிவாசல் கதை எனக்கு எதுக்கு?"

"சாமி" என்றேன், "அடுத்த ஞாயித்துக்கிழமை குயவர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் இருக்கில்ல?"

"இருக்கு."

"எதுல கொடுப்பீங்க? சக்கரம் நின்னாச்சு. திராட்சை ரசத்துலயா? அப்புறம் புள்ள தள்ளாடிக்கிட்டே மோட்சத்துக்குப் போகும்."

சாமி என்னை முறைத்தார். பிறகு புத்தகத்தை ரொட்டித் துணியில் சுற்றினார். "நீ பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து வருஷம் மூணு ஆச்சு தோதா" என்றார் செருப்பைத் தேடிக்கொண்டே.

"நேரம் பத்தாது சாமி. தண்ணி வந்ததும் வரேன்."

*

நீதிபதி பெலாயோ பருமனானவர். ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சுருக்கமாப் பேசுங்க. இந்த வெயில்ல எனக்கு நீதியே உருகுது" என்றார்.

கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் பேட்டை ஜனங்கள். எதிரே பிரபு அன்சூர். ஜூலையிலும் கம்பளி மேலங்கி. தான் பிரபு என்று வெயிலுக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நீதிபதியின் காலடியில் ஹஸ்தாய் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"பிரபுவே, ஒரே ஒரு சந்தேகம்" என்று முதரிஃப் ஐயா பணிவாக ஆரம்பித்தார். "இந்தப் பத்திரத்தை எங்க எழுதினாங்க?"

"அதுலயே இருக்கே. இந்த ஊர்க் கோட்டையில. ஏழு சாட்சி. என் தாத்தா பெட்டியில பத்திரமா இருந்துது."

"எழுதினது வியாழக்கிழமை. சரியா?"

"சரி."

"அல்-மஹ்தி கொர்தோபாவுல பதவிக்கு வந்தது புதன்கிழமை. இடையில இருநூறு மைல், பனி மூடின மலை. சேதி எப்படிப் பிரபுவே ஒரே நாள்ல வந்துது?"

பேட்டை ஜனங்கள் 'ஓ' என்று கூவினார்கள். நீதிபதி கழுத்துத் துணியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்சூரின் முகம் சிவந்தது, வெளுத்தது. பிறகு திடீரென்று மலர்ந்தது.

"புறா!" என்றார்.

இரண்டு கையையும் இறக்கை போல விரித்துக் காட்டினார்.

"கலீஃபாக்கள்கிட்ட தபால் புறா இருந்துது. எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை சேதி கட்டி விட்டிருப்பாங்க. வியாழக்கிழமை வந்து இறங்கியிருக்கும். புறாவுக்குப் பனி என்ன, மலை என்ன?"

உண்மைதான், புறாவுக்குச் சக்தி உண்டு. ஒன்பது நாள் கழுதைக் கணக்கை ஒரு பறவை கொத்திக்கொண்டு போய்விட்டது. முதரிஃப் ஐயா தலையைச் சொறிந்தார்.

"புறா... ஆமா, இருக்கலாம்தான்" என்று முனகினார். "அப்போ புதன்கிழமை நடந்தது ஆளுநருக்கு வியாழக்கிழமையே தெரியும்ங்கறீங்க?"

"தெரியும்!"

"சத்தியமா?"

"சத்தியமா! என் வாள் மேல ஆணை!"

"எழுதிக்குங்க ஹஸ்தாய்" என்றார் முதரிஃப் ஐயா. குரலில் இருந்த முனகல் காணாமல் போயிருந்தது. "சாமி, புத்தகத்தைக் கொடுங்க."

நீதிபதி ஓரக் குறிப்பை வாய்க்குள் படித்தார். ஆடு வரைக்கும் வந்ததும், "கிடைச்சுதா?" என்று சாமியைக் கேட்டார்.

"அடுத்த பக்கத்துல கிடைச்சிடுச்சு ஐயா."

முதரிஃப் ஐயா கூடத்தின் நடுவுக்கு வந்தார். "நீதிபதி அவர்களே, எங்க ராஜ்ஜியங்கள்ல ஒரு வழக்கம். ஜும்மா பிரசங்கத்துல யார் பேரை ஓதறாங்களோ அவர்தான் அரசர். பேரை மாத்தி ஓதினா ராஜத்துரோகம், தலை போகும். இந்தக் குறிப்பு என்ன சொல்லுது? போன வெள்ளி வரைக்கும் பழைய பேருதான். அதாவது, பத்திரம் எழுதின வியாழனுக்கு மறுநாள் பள்ளிவாசல்ல ஓதினது இறக்கப்பட்ட கலீஃபாவோட பேரு.

"இப்போ பிரபு சத்தியம் பண்ணினதைப் பாருங்க. ஆளுநருக்கு வியாழனே தெரியுமாம். தெரிஞ்சும் ஊருக்குச் சொல்லாம ரகசியமா வச்சுக்கிட்டாராம். அந்த ரகசியத்தை ஒரு தண்ணிச் சக்கரத்துப் பத்திரத்துல எழுதி, ஏழு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி, இவங்க தாத்தா கையில கொடுத்தாராம். மறுநாள் பள்ளிவாசல்ல மட்டும் பழைய பேரை ஓதச் சொல்லித் தன் கழுத்துக்குத் தானே கத்தி தீட்டினாராம். இப்படி ஒரு ஆளுநரைப் புறாகூட நம்பாது."

முதலில் சிரித்தவர் நீதிபதி. பிறகு கூடமே சிரித்தது. அன்சூர் உட்கார்ந்தாரா, விழுந்தாரா என்று சொல்வது கடினம்.

"பத்திரம் போலி" என்றார் நீதிபதி சிரிப்பு அடங்கியதும். "சக்கரம் பேட்டைக்குச் சொந்தம். கயிற்றை அவிழுங்க. சரி, எழுதினவன் யாரு? பிடிச்சா மணிக்கட்டோட கையை வெட்டணும். சட்டம்."

ஹஸ்தாயின் பேனா நின்றது. ஒரு சொட்டு மை தாளில் விழுந்து பரவியது.

முதரிஃப் ஐயா அந்த மைக்கறையைப் பார்க்கவே இல்லை. அன்சூரின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "பாவம், பிரபுவை யாரோ ஏமாத்தியிருக்காங்க. தாத்தா பெட்டியில போலிப் பத்திரத்தைக் கொண்டுபோய் வச்சிருக்காங்க. இல்லையா பிரபுவே?"

அன்சூருக்கு மூச்சு வந்தது. "ஆமா! ஆமா, ஏமாத்திட்டாங்க!"

"உங்க குடும்பத்து ஆளு இப்படிச் செய்வாங்களா?"

"ஒருக்காலும் செய்ய மாட்டாங்க!"

"அப்போ கோட்டையில தங்கியிருக்கிற வெளியாள்தான். நீதிபதி அவர்களே, ராஜாவோட குதிரைப்படையை அனுப்பி, பிரபுவோட கோட்டையில இருக்கிற வெளியாள் ஒவ்வொருத்தரையும் இங்க விசாரணைக்கு வரவழைக்கணும். காயம் படக் கூடாது. அடிபட்ட சாட்சி செல்லாது. ஒருத்தர் குறைஞ்சாலும், பிரபு யாரையோ மறைக்கிறார்னு அர்த்தம்."

அன்சூர் வாயைத் திறந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மூடிக்கொண்டார்.

"நியாயம்தான்" என்றார் நீதிபதி. "எழுது ஹஸ்தாய்."

ஹஸ்தாய் எழுதினார்.

*

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "நல்லா இருக்கே! திருடனைக் கைகூப்பி அனுப்பிட்டு, அவன் வீட்டு விருந்தாளிகளைப் பிடிச்சிட்டு வரச் சொல்றீங்களா? எழுதினவன் யாருன்னு கண்டுபிடிக்கவே இல்லையே!"

"கண்டுபிடிச்சாச்சு. காலையிலயே."

"யாரு?"

"யோசிச்சுப் பாரு தோதா. போலிப் பத்திரம் எழுதறவன் பொதுவா முட்டாளாத்தான் தப்பு பண்ணுவான். இது முட்டாள் பண்ற தப்பு இல்ல. எழுபத்தேழு வருஷத்துக்கு முந்தி எந்த நாள்ல கொர்தோபா கவுந்துதுன்னு துல்லியமாத் தெரிஞ்சவனுக்கு, அந்தச் சேதி இங்க வர ஒன்பது நாளாகும்னு தெரியாதா? இவ்வளவு படிச்ச தப்பை ஒரு ஆளு வேணும்னேதான் பண்ண முடியும். சாமிகிட்ட போய், ஓரக் குறிப்பு பத்திரமா இருக்கான்னு பார்த்துட்டு வந்து பண்ணியிருக்கான்."

எனக்கு உறைக்க ஆரம்பித்தது. "மங்கின தேதின்னு ஜன்னல் பக்கம் அனுப்பினாரே..."

"அந்தத் தாள்லயே தேதிதான் நல்ல கறுப்பு. அதுவும் போக, எட்டு மாசக் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தர ஒரு பண்டிதரை எந்தப் பிரபு கூட்டிக்கிட்டுப் போவான்?"

பின்னால் ஓடி வரும் காலடி கேட்டது. ஹஸ்தாய். மூச்சிரைக்க நின்றார். சிடுசிடுப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. முகம் சிறுபிள்ளையின் முகமாக இருந்தது.

"தம்பியோட ஒரு காதை முதல்ல அனுப்புவேன்னு அன்சூர் சொன்னான்" என்றார். "மாட்டேன்னு சொல்ல என்னால முடியல. முந்நூறு குடும்பத்தை நினைச்சா எழுதவும் முடியல. அதான், எழுதினேன்... ஆனா ஒரு ஓட்டை வச்சு எழுதினேன். சரியான ஆளு கண்ணுல படணுமேன்னு ஏழு வாரமா நான் தூங்கல."

"படலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி நானே எழுந்து கையை நீட்டியிருப்பேன்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

முதரிஃப் ஐயா அவர் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல எழுத்து உங்களுது. வச்சுக்குங்க" என்றார்.

*

நான்காம் நாள் முற்பகலில் குதிரைப்படையோடு ஒரு கோவேறு கழுதையில் மேயிர் வந்து சேர்ந்தார். இரண்டு காதும் இருந்தன. விசாரணை அரை நாழிகைகூட நடக்கவில்லை. மேயிருக்குப் பத்திரமே தெரியாது என்று நீதிபதி விட்டுவிட்டார். பிரபு அன்சூர் அதற்கு முந்தைய நாளே, உடம்பு சரியில்லை என்று வடக்கே போய்விட்டார்.

ஹஸ்தாய் தம்பியைப் பார்த்ததும் நெஞ்சில் ஒரு குத்து விட்டார். "பாடம் சொல்லித் தரேன்னு கூப்பிட்டா, பையனுக்கு என்ன வயசுன்னு கேட்க மாட்டியாடா?" பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். நீண்ட நேரம் விடவில்லை.

பேட்டையே கூடியிருந்தது. மேயிர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "வழியெல்லாம் ஒரே பேச்சு. தெற்கே கடல் தாண்டிப் பெரிய படை வந்து இறங்கியிருக்காம். முகத்தை மூடின வீரர்களாம். குட்டி ராஜாக்கள் எல்லாம் சேர்ந்து கூப்பிட்டாங்களாம். நம்ம புது ராஜா வடக்கே போட்ட முற்றுகையை விட்டுட்டுத் தெற்கே திரும்பப் போறாராம்."

சிரிப்புச் சத்தம் நின்றது. சாயக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ ஊர் மறுபடியும் கை மாறுமா?"

"தெரியாது" என்றார் முதரிஃப் ஐயா. "எங்க தாத்தா கொர்தோபாவை விட்டு ஓடினப்போ, உலகமே முடிஞ்சுதுன்னுதான் நெனச்சாராம். இங்க வந்து சேர்ந்த மறுநாள் ஒருத்தர் பிஞ்ச சேணத்தைக் கொண்டுவந்து, தைச்சுக் கொடுப்பீங்களான்னு கேட்டாராம். ஊசியைத் தேட ஆரம்பிச்சிட்டாராம்."

வெயில் தலைக்கு மேலே நின்றது. மேயிரின் சட்டையில் ஏழு வாரத்து அழுக்கு. பக்கத்தில் நின்றவர்கள் மரியாதைக்காக மூக்கைப் பிடிக்காமல் இருந்தார்கள்.

"ராஜாக்கள் மெதுவா வரட்டும்" என்றேன். "முதல்ல இந்த மனுஷனைக் குளிப்பாட்டணும். வாங்க ரெண்டு பேரும், என் குளியல் கூடத்துக்கு."

"அது பெண்கள் கூடமாச்சே!" என்று பதறினார் ஹஸ்தாய்.

"இன்னைக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஆம்பளைங்க கூடம். நான் சொன்னா சொன்னதுதான்."

உள்ளே இருந்த பெண்கள் திட்டிக்கொண்டே துண்டுகளோடு வெளியே வந்து வரிசையாகச் சுவர் ஓரம் நின்றார்கள். அண்ணனும் தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார்கள். நான் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றேன். முதரிஃப் ஐயா படியில் உட்கார்ந்து அத்திப்பழத்தைத் துடைத்தார்.

முதலில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, இருக்கிற ஒரே சவுக்காரக் கட்டிக்காக அண்ணனும் தம்பியும் மூன்று மொழிகளில் சண்டை போட ஆரம்பித்தார்கள்.